ஏஐ ஷாட்டுகள் டைம்லைனில் நொண்டுகின்றன, நான்கில் மட்டும் தாத்தா ஓடுகிறார். உதவி தேவை

90 அடி ரோட்டுப் பையன்:
வணக்கம், மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றி 9 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறேன். பாட்டி பேசுவதை போனில் பதிவு செய்தாகிவிட்டது. அவள் சொல்லும் 1968-ம் வருடக் கதைக்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம்தான். அந்தக் காட்சிகளை மட்டும் ஏஐ-யில் செய்கிறேன்.

மெஷின் நண்பனுடையது. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. கம்ஃபி யூஐ-யில் (நோடு என்ற கட்டங்களை இணைத்து ஏஐ மாடலை ஓட்டும் மென்பொருள்) வான் 2.1, படத்தைக் கொடுத்தால் வீடியோவாக்கும் 14பி மாடலின் சுருக்கிய பதிப்பு, 480பி. ஒரு கிளிப் வர அரை மணி நேரம் ஆகிறது. எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில், விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் டைம்லைன்.

தாத்தா பட்டறை வாசலில் நிற்கும் ஷாட் அருமை, குறையே இல்லை. ஆனால் கேமரா பக்கவாட்டில் நகர்ந்தாலோ கைவண்டி குறுக்கே போனாலோ படம் வெட்டி வெட்டி நகர்கிறது. வேறு நான்கு ஷாட்டில் வேறு தொல்லை: தாத்தா நடக்காமல் ஓடுகிறார், பழைய ஊமைப்படம் மாதிரி. ஸ்டெப்பை, அதாவது மாடல் படத்தைச் செதுக்கும் சுற்றுகளை, 20-லிருந்து 40 ஆக்கிப் பார்த்தேன். கிளிப்புக்கு ஒரு மணி நேரம் ஆனதுதான் மிச்சம்.

இன்னும் 11 நாளில் அவர் நினைவு நாள். சங்கத்து ஹாலில் திரையிடுவதாகச் சொல்லிவிட்டேன். காசு கட்டி வேறு மாடலுக்குப் போய்விடவா?

வாஷி நைட் ஷிஃப்ட்:
நானாக இருந்தால் கட்டிவிடுவேன். கூகுளின் வியோ 3-ல் 8 விநாடி கிளிப் 24 பிரேமில், சத்தத்தோடு வருகிறது. அரை மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

எடிட் டேபிள்:
பொறுங்கள், காசைப் பற்றிப் பிறகு பார்ப்போம். நிற்கிற ஷாட் நன்றாக இருக்கிறது, நகர்கிற ஷாட் மட்டும் வெட்டுகிறது என்றால் மாடல் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ரிசால்வ் மீடியா பூலில் லிஸ்ட் வியூவுக்குப் போய் ஒவ்வொரு கிளிப்பின் பிரேம் ரேட் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். வெட்டுகிறவை தனியாக, ஓடுகிறவை தனியாக.

90 அடி ரோட்டுப் பையன்:
வெட்டுகிறவை எல்லாம் 16. ஓடுகிற நான்கும் 24. இப்போதுதான் ஞாபகம் வருகிறது: டைம்லைன் 24 ஆயிற்றே என்று கடைசி நான்குக்கு மட்டும், பிரேம்களைச் சேர்த்து வீடியோவாக எழுதும் வீடியோ கம்பைன் நோடில் 16-ஐ அழித்து 24 என்று போட்டேன். அதுவா?

எடிட் டேபிள்:
அதேதான் தம்பி. இரண்டு நோய் மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

வான் 2.1 விநாடிக்கு 16 பிரேம் என்ற கணக்கில் பழகிய மாடல். வழக்கமாக 81 பிரேம் கொடுக்கும், அதாவது 5 விநாடிச் சொச்சம். உங்கள் டைம்லைனிலோ விநாடிக்கு 24 இடம். 16 பேரை 24 நாற்காலியில் உட்காரவைக்க ரிசால்வ் என்ன செய்யும்? ஒரு பிரேமை ஒரு தடவை காட்டும், அடுத்ததை இரண்டு தடவை காட்டும், திரும்ப ஒன்று, திரும்ப இரண்டு. இந்த நொண்டி நடைதான் கண்ணை உறுத்துகிறது. ஆள் அசையாமல் நின்றால் ஒரே பிரேம் இரண்டு தடவை வந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? பக்கவாட்டு நகர்வில் உடனே மாட்டிக்கொள்ளும்.

அந்த நோடில் 24 என்று போட்டபோது புதிதாக ஒரு பிரேமும் உருவாகவில்லை. அதே 81 பிரேம், மேலே ஒட்டிய சீட்டு மட்டும் வேறு. 5 விநாடி நடையை 3.4 விநாடியில் ஓட்டினால் தாத்தா ஓடத்தானே செய்வார்! ஒன்றரை மடங்கு வேகம். ஸ்டெப்பை ஏற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது வைத்தியம். எதையும் மறுபடி உருவாக்க வேண்டாம். கிளிப்பை கம்ஃபி யூஐ-யில் லோட் வீடியோ நோடு வழியாக உள்ளே கொண்டு வாருங்கள், ரைஃப் நோடு (இரண்டு பிரேமுக்கு நடுவே புதுப் பிரேம் செருகுவது) போடுங்கள், பெருக்கல் எண் 3. வெளியே எழுதும்போது பிரேம் ரேட் 48. ஓடுகிற நான்குக்கும் இதே செய்முறைதான், ஏனென்றால் உள்ளே இருப்பது அதே 81 பிரேம்.

ஏன் 3, ஏன் 2 இல்லை என்று கேட்பீர்கள். 2 போட்டால் 32 வரும். 32-லிருந்து 24 எடுக்க நாலுக்கு ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும், நொண்டல் குறையுமே தவிர போகாது. 3 போட்டால் 48, டைம்லைன் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும், நடை சீராகிவிடும். நிறைய வீடியோ டுடோரியலில் 2 என்று வைத்துவிட்டு "இன்னும் லேசாக வெட்டுகிறதே" என்று புலம்புவார்கள், காரணம் இந்தக் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. ரைஃப் நடுவில் செருகும் பிரேம்கள் ஊகம்தான். சுழலும் சக்கரத்தின் ஆரங்கள், ஒன்றை ஒன்று தாண்டும் விரல்கள் இவை கரைந்து பிசுபிசுத்துப் போகலாம். கைவண்டி ஷாட்டை முதலில் செய்து பாருங்கள்.

செம்பூர் அக்கா:
எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்தக் கால 8 எம்எம் வீட்டுக் கேமராக்கள் 16 பிரேமில்தான் எடுக்கும். 1965-ல் வந்த சூப்பர் 8 கூட 18 தான். கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிம் புள்ளிகள்), ஓரத்தில் மங்கல் சேர்த்து 16-லேயே விட்டுவிட்டால் 1968 ஹோம் மூவி மாதிரி இருக்காதா? உழைப்பும் மிச்சம்.

90 அடி ரோட்டுப் பையன்:
அழகான யோசனைதான் அக்கா, ஆனால் அந்த வீட்டில் சோற்றுக்கே இழுபறி, கேமரா எங்கே இருந்தது? பார்க்கிறவர்கள் நிஜமாகவே பழைய ஃபிலிம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். தொடக்கத்திலேயே "இக்காட்சிகள் ஏஐ-யில் உருவானவை" என்று போடப்போகிறேன். யூடியூபில் ஏற்றும்போதும் நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சி இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2024 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது.

மாட்டுங்கா கிழவன்:
நீங்கள் இணைத்திருந்த சாம்பிளைப் பார்த்தேன். வெட்டுவது இருக்கட்டும் தம்பி, பின்னால் டிராம் போகிறதே! பம்பாயில் டிராம் ஓட்டம் 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. கடைசி வண்டி போரிபந்தரிலிருந்து தாதர் வரை. உங்கள் கதை 1968. அதுவும் டிராம் தாராவிக்குள் எங்கே வந்தது? மாடலுக்குப் பழைய இந்திய நகரம் என்றால் கல்கத்தா ஒன்றுதான் தெரியும் போல. சிவப்பு டபுள் டெக்கர் பஸ் வையுங்கள், தப்பில்லை.

90 அடி ரோட்டுப் பையன்:
ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். ஹாலில் முன் வரிசையே உங்கள் வயதுக்காரர்கள்தான், கிழித்திருப்பார்கள். டிராம் ஷாட் அவுட்.

இதோடு இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். கடைப் பலகையில் தமிழ் எழுத்து கண்டபடி வருகிறது. அப்புறம், முதல் கிளிப்பின் கடைசி பிரேமை எடுத்து அடுத்த கிளிப்புக்கு முதல் படமாகக் கொடுக்கிறேன், மூன்றாவது கிளிப்பில் தாத்தா வேறு யாரோவாகிவிடுகிறார்.

எடிட் டேபிள்:
வான் 2.1 சீனமும் ஆங்கிலமும் ஓரளவு எழுதும். தமிழ் என்றால் ஜிலேபி பிழிந்துவிடும். முதல் படத்தில் நீங்களே சரியான எழுத்தை வைத்துக் கொடுத்தாலும் கேமரா நகர்ந்ததும் உருகும். பலகையை வெறுமையாக உருவாக்கி, எழுத்தை ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்தில் பிளேனர் டிராக்கர் (தட்டைப் பரப்பின் நகர்வைப் பின்தொடரும் கருவி) வைத்து ஒட்டுங்கள். தேய்ந்த பெயின்ட் மாதிரி கொஞ்சம் மங்கலாக்கினால் போதும்.

முகத்துக்கு: சங்கிலி போடுவதை நிறுத்துங்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடக்கப் படத்தைத் தனியாக, அந்தப் பழைய புகைப்படத்தை வைத்து முதலில் தயார் செய்யுங்கள். எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது ஒரே ஆள்" என்று பாட்டி சொன்ன பிறகு வீடியோவுக்குப் போங்கள். நிழற்படத்தில் தவறினால் ஒரு நிமிடம் நஷ்டம், வீடியோவில் தவறினால் அரை மணி நேரம்.

வாஷி நைட் ஷிஃப்ட்:
தாத்தா குரல் பதிவு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் குரலையும் ஏஐ-யில் கொண்டு வந்துவிடலாமே.

90 அடி ரோட்டுப் பையன்:
ஒரு கல்யாண கேசட்டில் 40 விநாடி இருக்கிறது. சித்தப்பாவும் இதைத்தான் கேட்டார். 2024-ல் ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைப் பாட்டுக்குப் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். நம் வீட்டில் அனுமதி தர வேண்டியவள் பாட்டி. கேட்டேன். "அந்த கேசட்டையே போடு, போதும்" என்றாள்.

90 அடி ரோட்டுப் பையன் (மூன்று நாள் கழித்து):
ரைஃப் 3, எழுதும்போது 48. ஒன்பது ஷாட்டில் எட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. ஓடிய தாத்தா நடக்கிறார். கைவண்டிச் சக்கரம் அண்ணாச்சி சொன்னபடியே கரைந்தது, அதைச் சக்கரம் தெரியாத மாதிரி மேலே க்ராப் செய்துவிட்டேன். காசு ஒரு பைசா கட்டவில்லை.

புதுத் தொல்லை ஒன்று: 22 நிமிடப் பாட்டி பேட்டியில் ஒலிக்குத் தனியாக வைத்த ரெக்கார்டரின் பதிவை ஒட்டினால், கடைசியில் உதடும் குரலும் விலகுகின்றன.

எடிட் டேபிள்:
போன் வீடியோவில் பிரேம் ரேட் ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக்கில் (வீடியோ மாற்றும் இலவச மென்பொருள்) கான்ஸ்டன்ட் பிரேம் ரேட், 30 என்று வைத்து மாற்றிவிட்டு மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

90 அடி ரோட்டுப் பையன்:
சேர்ந்துவிட்டது! நன்றி அண்ணாச்சி.

முழுப் படத்தையும் நேற்று பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்டறை ஷாட்டில் நிறுத்தச் சொல்லி, "ஆவாரம் பட்டைத் தண்ணியில கிடந்த கையி இவ்வளவு வெளுப்பாவா இருக்கும்? மணிக்கட்டு வரைக்கும் காவி ஏறியிருக்கும்ல" என்றாள். தொடக்கப் படத்தில் கையை மட்டும் மாற்றி மூன்று ஷாட்டை மறுபடி ஓட விட்டிருக்கிறேன். இரண்டாவது இப்போது 60 சதவீதத்தில் நிற்கிறது.