அமெரிக்காவில் முதல் கார்: 87 போதுமா, 93 போட வேண்டுமா?

ஓஹையோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அழகாபுரத்துத் தம்பி ஒருவர் பழைய டொயோட்டா கேம்ரி ஒன்றை வாங்கியிருக்கிறார். பங்க்கில் 87, 89, 93 என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. சேலத்திலிருந்து அப்பாவோ, "காசு பார்க்காதே, இருப்பதிலேயே உசத்தியான பெட்ரோலாகப் போடு" என்கிறார். எதை அழுத்துவது என்று கேட்டிருக்கிறார். கொலராடோ மாநிலத்தின் டென்வர் பக்கம் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். இதே கேள்வியைப் புதிதாக அங்கே போகும் நம் பிள்ளைகள் எல்லோருமே கேட்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் கேம்ரிக்கு 87 போதும். 93 போட்டால் வண்டி கெடாது. ஆனால் உங்கள் சம்பளம் வீணாகும்.

அந்த எண் பெட்ரோலின் தரத்தையோ சுத்தத்தையோ சக்தியையோ குறிப்பதில்லை. அது ஆக்டேன் அளவு. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் நெருக்கப்பட்ட பிறகு பிளக்கின் பொறியில்தான் அந்தக் கலவை எரியத் தொடங்க வேண்டும். நெருப்பு பரவி வந்து சேர்வதற்குள், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிட்டால் அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில், கியரைக் குறைக்காமல் பழைய காரில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு முக்கிப் போகும்போது, இஞ்சினிலிருந்து இரும்பைத் தட்டுவது போல ஒரு சத்தம் வருமே, அதுதான். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்குக் கேடு. அப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. வேறு எதையும் சொல்வதில்லை.

அதிக அழுத்தத்தில் இயங்கும் இஞ்சினுக்கும், டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வைத்த பல இஞ்சின்களுக்கும் உயர்ந்த ஆக்டேன் தேவைப்படும். கேம்ரி, கொரோலா போன்ற சாதாரண வண்டிகளின் இஞ்சின் 87-க்கென்றே வடிவமைக்கப்பட்டது. கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள அதில் வழியே இல்லை. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ரெகுலர் (87) போதும் என்ற வண்டிகளில் பிரீமியம் (93 போன்ற உயர்ந்த ஆக்டேன்) ஊற்றியபோது மைலேஜும் கூடவில்லை, இழுவையும் கூடவில்லை, புகையும் குறையவில்லை. அப்படித் தேவையில்லாமல் பிரீமியம் போட்டதில் அந்நாட்டு மக்கள் ஓர் ஆண்டில் இழந்த தொகை 210 கோடி டாலருக்கும் மேல் என்று அந்தச் சங்கமே கணக்குச் சொன்னது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு காலன் என்பது 3.785 லிட்டர். ஒரு தடவை 13 காலன் போடுகிறீர்கள், பிரீமியத்துக்குக் காலனுக்கு 90 சென்ட் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 12 டாலர் அதிகம். வாரம் ஒரு முறை நிரப்பினால் ஆண்டுக்கு 600 டாலர். ரூபாயில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது சின்னத் தொகை அல்ல. கார் மீது உங்களுக்கு அக்கறை இருந்தால் அந்தப் பணத்தில் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், நல்ல டயர் போடுங்கள். ஓஹையோவின் பனிக்காலத்தில் உங்கள் உயிரைக் காப்பாற்றுவது டயர்தான்.

அப்பாவின் கவலைக்கு வருகிறேன். 87 என்ற எண்ணைக் கேட்டதும் "நம் ஊரில் 91, 95 என்று போடுகிறோமே, அதைவிட மட்டமா?" என்று அவருக்குத் தோன்றுவது நியாயம்தான். இரண்டு நாட்டிலும் அளக்கும் முறை வேறு. இந்தியாவில் காட்டுவது ஆர்.ஓ.என். என்ற அளவு. அமெரிக்கப் பங்க்கில் எழுதியிருப்பது அந்த அளவுக்கும், இன்னும் கடுமையான சூழலில் எடுக்கப்படும் எம்.ஓ.என். என்ற அளவுக்கும் சராசரி. அதனால் அது எப்போதும் நான்கைந்து எண் குறைவாகவே தெரியும். அங்கே 87 என்றால் இங்கே ஏறக்குறைய 91 அல்லது 92. நம் ஊரில் பல ஆண்டுகளாக எல்லோரும் போட்டு ஓட்டிய சாதாரண பெட்ரோல் அந்த 91-தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு அது 95-ஐத் தொடுகிறது என்று அரசு சொல்கிறது. இதை அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் சேலத்தில் ஓட்டிய காருக்கு எது போதுமாக இருந்ததோ, அதற்கு ஈடானதைத்தான் நீங்களும் போடுகிறீர்கள்.

வேறு வண்டி வாங்கும் பிள்ளைகள் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். வண்டியோடு வரும் கையேட்டிலும் இருக்கும். பிரீமியம் "கட்டாயம்" என்றிருந்தால் தயங்காமல் பிரீமியம்தான். பல ஜெர்மன் கார்கள் இந்த வகை. அந்தச் செலவு கட்டாது என்றால் அந்த வண்டியையே வாங்காதீர்கள். பழைய பிஎம்டபிள்யூ விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பிரீமியம் "பரிந்துரை" என்றிருந்தால் முடிவு உங்கள் கையில். இன்றைய இஞ்சின்களில் நாக்கிங்கை உணரும் சென்சார் இருக்கிறது. ரெகுலர் போட்டால் பொறி விழும் நேரத்தை அது தள்ளிவைத்து இஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். பதிலுக்குச் சக்தி சற்றுக் குறையும். 2019-இல் வந்த டர்போ வைத்த மாஸ்டா சிஎக்ஸ்-5 காரில், 93 போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227 என்று நிறுவனமே அறிவித்தது. இந்த வகை வண்டிகளை 2017-இல் ஏஏஏ சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் போய்வர ரெகுலரே போதும் என்பது என் எண்ணம். மலைப்பாதையில் குடும்பத்தோடு நீண்ட பயணம் என்றால் அந்த ஒரு முறை பிரீமியம் போடலாம்.

89 பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. டாட்ஜ், ராம் வண்டிகளில் வரும் 5.7 லிட்டர் ஹெமி இஞ்சின் போன்ற சிலவற்றுக்குத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கொலராடோவில் இருக்கும் ஏற்காட்டுத் தங்கை கேட்கிறார்: "அண்ணா, இங்கே ரெகுலரே 85 என்றுதான் இருக்கிறது. போடலாமா?"

வேண்டாம் அம்மா. டென்வர் கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம்தான், 1,600 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு. அதனால் நாக்கிங்கும் குறையும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் அங்கே 85-இலேயே ஓடின. அந்தப் பழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. இன்றைய வண்டியின் கையேட்டில் குறைந்தது 87 என்றிருந்தால், அங்கே நடுவில் இருக்கும் 87 பொத்தானை அழுத்துங்கள். டர்போ வண்டி என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஏனென்றால் டர்போ காற்றைத் திணித்து உயரத்தின் சலுகையை இல்லாமல் செய்துவிடும். கீழே சமவெளிக்கு இறங்கி ஓட்டும்போதும் 85 ஆபத்து.

இன்னொருவர் இ85 மலிவாக இருக்கிறதே என்கிறார். தொடாதீர்கள். அதில் பெரும்பகுதி எத்தனால். அதற்கென்றே செய்த ஃபிளெக்ஸ் ஃபியூவல் வண்டிகளுக்கு மட்டும்தான் அது ஆகும். அவற்றில் பெரும்பாலும் டேங்க் மூடி மஞ்சளாக இருக்கும். 88 என்று எழுதிய இ15 (15 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) வேறு. 2001-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை அனுமதித்திருக்கிறது. அதையும் கையேட்டில் பார்த்துவிட்டே போடுங்கள்.

இஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்கள் டாப் டியர் முத்திரை உள்ள பங்க்குகளைத் தேடுங்கள். 2004-இல் கார் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய தரமுறை அது. அழுக்கை நீக்கும் ரசாயனம் அங்கே ரெகுலரிலும் அதே தரமுறைப்படி கலந்திருக்கும். காஸ்ட்கோ என்ற பெரிய கடைகளின் பெட்ரோலும் அதில் சேர்த்தி.

முதல் தடவை போகிறவர்களுக்கு: அட்டையைச் சொருகியதும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் கேட்கும். இந்திய வங்கி அட்டையாக இருந்தால் அங்கேயே திணறாமல் உள்ளே போய், பம்ப் எண்ணையும் தொகையையும் சொல்லிப் பணம் கட்டுங்கள். நியூ ஜெர்சியில் ஊழியரே நிரப்புவார். "ரெகுலர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பச்சைக் கைப்பிடி பல பங்க்குகளில் டீசலுக்கு உரியது. சிலவற்றில் பெட்ரோலுக்கும் அதே நிறம் இருக்கும் என்பதால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். தப்பித்தவறி டீசல் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். இழுவை வண்டியை வரவழைத்து டேங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.