பிரான்சில் மின்விலைப்பட்டியல்: சிறு சுயதொழிலர் இப்போதே தளம் தேட வேண்டுமா?

புதுவைக்காரன்:
2026 செப்டம்பர் 1 முதல் பிரான்சின் தொழில்முனைவோர் எல்லோரும் மின்விலைப்பட்டியலை, அதாவது கணினி படிக்கும் வடிவில் அங்கீகாரம் பெற்ற இணையத் தளம் வழியாக வரும் விலைப்பட்டியலை, பெறத் தயாராக இருக்க வேண்டும். மைக்ரோ தொழில்முனைவோரும் சிறு நிறுவனங்களும் 2027 செப்டம்பர் 1 முதல் அனுப்பவும் வேண்டும். அதற்காக இன்றே ஒரு தனியார் தளத்தில் சேர்ந்துவிடும்படி ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பாளன், அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி. முன்பு 2024 ஜூலை என்று அறிவித்துப் பின்னர் தள்ளிவைத்தார்கள். எல்லோருக்கும் இலவச அரசுத் தளம் உண்டு என்று சொல்லிவந்தவர்கள், 2024 அக்டோபரில் அதைக் கைவிட்டு, யாருடைய பட்டியல் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் முகவரி ஏட்டையும், வரித்துறைக்கான தரவுத் திரட்டலையும் மட்டும் அரசின் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு 37,500 யூரோவுக்குக் கீழே சேவை விற்று, வாட் எனும் மதிப்புக்கூட்டு வரியே வசூலிக்காமல், ஒவ்வொரு பட்டியலிலும் அந்த விலக்குக்கான 293 பி சட்டப்பிரிவைக் குறிப்பிடும் என்னைப் போன்றவர், வாட் மோசடியைத் தடுக்கும் ஏற்பாட்டுக்காகத் தனியாருக்குச் சந்தா கட்டுவது எந்த ஊர் நியாயம்?

வடமராட்சியான்:
நியாயத்தைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையில்லை, நண்பரே, நாட்கணக்கைப் பற்றித்தான். நான் பெரிய கட்டட நிறுவனங்களுக்கு உப ஒப்பந்தத்தில் மின்வேலை செய்கிறேன். பெரிய நிறுவனங்கள் 2026 செப்டம்பரிலேயே அனுப்பத் தொடங்க வேண்டும் என்பதால், எனக்கு வயரும் சுவிட்சும் தரும் மொத்த விற்பனையாளரின் பட்டியலும் அன்றிலிருந்து தளம் வழியாகத்தான் வரும். முகவரி ஏட்டில் என் சிரென் எண்ணுக்கு (நிறுவன அடையாள எண்ணுக்கு) நேரே ஒரு தளத்தின் பெயர் இல்லையென்றால், அது எங்கே வந்து சேரும்?

இன்னொன்று, தளத்தில் பதிவது சிறு வேலை. வாடிக்கையாளர் விவரங்களை ஒழுங்குபடுத்துவதுதான் இழுத்தடிக்கும். வாடிக்கையாளரின் சிரென் எண், வேறாக இருந்தால் பொருளை ஒப்படைக்கும் முகவரி, விற்றது பொருளா சேவையா இரண்டுமா என்ற வகை ஆகியவை பட்டியலில் கட்டாயமாகின்றன. என் எக்செல் கோப்பில் பாதிப் பேருக்குக் கைபேசி எண்ணும் பட்டப்பெயரும்தான் இருக்கின்றன.

புதுவைக்காரன்:
பெற வேண்டிய கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வாடிக்கையாளர்களில் பலர் ஜெனீவாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களை எந்தத் தளத்திலும் சேர்க்க முடியாது, பிடிஎஃப்தான் அனுப்பப்போகிறேன். எஞ்சியிருக்கும் சில பட்டியல்களுக்காக ஒரு மென்பொருளை இப்போதே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
கணக்கியல் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஒரு திருத்தம் மட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பிடிஎஃப் அனுப்புவதில் தடையில்லை. ஆனால் அந்த விற்பனையின் விவரத்தையும், தனிநபர்களுக்கு விற்றதன் விவரத்தையும் தளம் வழியாக வரித்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும். வாட் விலக்கில் உள்ளவர்களுக்கு இது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பட்டியல் அனுப்பத் தேவையில்லாத முடிதிருத்தகக்காரருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உள்நாட்டு நிறுவனங்களுக்கு வெறும் பிடிஎஃபை மின்னஞ்சலில் அனுப்பினால் அது மின்விலைப்பட்டியல் ஆகாது. ஃபாக்டுர்-எக்ஸ் வடிவம் பார்வைக்கு பிடிஎஃப் போலவே இருந்தாலும், அதற்குள் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் தரவு பொதிந்திருக்கும். அதுவும் அங்கீகாரம் பெற்ற தளம் வழியாகத்தான் போக வேண்டும்.

வடமராட்சியான்:
புதுவைக்காரன் நீதிமன்றங்களுக்கும் மொழிபெயர்ப்பவர் என்றால், அரசுக்கான பட்டியல்களை ஏற்கெனவே அரசின் கோருஸ் ப்ரோ தளத்தில்தான் பதிவேற்றிக்கொண்டிருப்பார். அரசுக்கு விற்கும் மிகச் சிறியவர்களுக்கும் 2020 முதல் அது கட்டாயமாக இருக்கிறது. அங்கே பழகிய கைக்கு இது என்ன புதிது?

புதுவைக்காரன்:
என் வாதத்துக்கு நீங்களே சாட்சி தேடிக் கொடுத்துவிட்டீர்கள். கோருஸ் ப்ரோ அரசுடையது, இலவசமானது. ஆனால் அது அரசுக்கு அனுப்பும் பட்டியல்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. இத்தாலியைப் பாருங்கள். 2019 ஜனவரியில் நிறுவனங்களிடையே இதைக் கட்டாயமாக்கியபோது, பரிமாற்ற அமைப்பை அரசே நடத்தியது, வரித்துறை இலவசச் செயலியும் தந்தது. ஒரே விகிதத்தில் வரி கட்டும் நிலைவரி முறையில் இருந்த சிறியவர்களை முதலில் விட்டுவிட்டு, 2022 ஜூலையில் 25,000 யூரோவுக்கு மேல் ஈட்டியவர்களையும், 2024 ஜனவரியில் மற்றவர்களையும் சேர்த்தார்கள். இங்கே அந்தப் படிக்கட்டும் குறைவு, அரசுத் தளமும் இல்லை. இன்று இலவசம் என்று அழைக்கும் தளம் நாளை கட்டணம் கேட்டால், என் பத்தாண்டுப் பட்டியல்கள் யார் கையில் இருக்கும்?

கணக்குப்பிள்ளை:
அந்தக் கேள்வியைச் சேருவதற்கு முன்பே தளத்திடம் எழுத்தில் கேளுங்கள்: விலகும்போது பட்டியல்களை மூல வடிவத்திலேயே எடுத்துக்கொள்ள முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா? வணிகச் சட்டப்படி பத்தாண்டுகள் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையதே. பெறுவதற்கு ஒரு தளத்தையும் அனுப்புவதற்கு வேறொன்றையும் வைத்துக்கொள்ளலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். பெறுவதை மட்டும் இலவசமாகத் தரும் தளங்களும் இருக்கின்றன.

புதுவைக்காரன்:
அப்படியானால் பெறுவதற்கு மட்டும் இந்தக் கோடைக்குள் ஒன்றில் சேர்ந்துவிடுகிறேன். அனுப்பும் தளத்தை 2027க்கு முன் முடிவு செய்யமாட்டேன். போட்டியில் எவை நிலைக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

வடமராட்சியான்:
உங்களுக்கு அது சரிவரலாம். எனக்கு வேலை தரும் நிறுவனங்களோ உப ஒப்பந்தக்காரர் எல்லோரையும் தங்கள் தேதிக்கே வரச் சொன்னால், சட்டம் தரும் கூடுதல் ஓராண்டைக் காட்டி நான் வாதாட முடியாது. ஆகவே நான் இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறேன்.