சானி கணவாய்: அடிவாரத்துப் பல்லிக்கும் உச்சிப் பல்லிக்கும் உடல் வெப்பம் வேறுபடுமா?

கரும்புக்காடு (கேள்வி):
வணக்கம். டர்பன் தமிழ் வகுப்பில் 14–16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் வேலை. தென்னாப்பிரிக்கா–லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயின் அடிவாரம் (சுமார் 1,550 மீ), நடுவழி, உச்சி (சுமார் 2,870 மீ) மூன்று இடத்திலும் பாறைமேல் வெயில் காயும் பல்லி, ஓணான், அரணை எது கண்ணில் பட்டாலும் அகச்சிவப்பு வெப்பமானியால் உடல் வெப்பம் எடுப்பதாகத் திட்டம். மேலே போகப் போக உடம்பு குளிர்ந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். கருவி 12:1 வகை. இது தேறுமா?

பாறையிடுக்கு:
தேறாது. காற்றின் வெப்பம் 100 மீட்டருக்குச் சராசரியாக 0.65 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் எட்டரை டிகிரி வித்தியாசம். ஆனால் வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் பல்லியின் உடம்பில் அந்த எட்டரை தெரியாது. உச்சியில் காற்று மெல்லியது, வெயில் உறைப்பாக விழும். பல்லி உடம்பைத் தட்டையாக்கி, வெயிலுக்கு முதுகைக் காட்டி, சூடான கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தனக்கு வேண்டிய சூட்டை ஏற்றிக்கொள்ளும். சூடு போதாத நாளில் வெளியே வராது. ஆக, உங்கள் கண்ணில் படுவதெல்லாம் ஏற்கெனவே சூடேறிய பல்லிதான். மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும்.

உயரம் பறித்துக்கொள்வது நேரத்தை. அடிவாரத்தில் நாள் முழுக்க இரை தேடலாம். உச்சியில் கோடையிலும் காலை வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம்தான். குளிர்காலம் பெரும்பாலும் பாறை இடுக்குக்குள் கழிந்துவிடும். அதனால் வளர்ச்சி மெதுவாகும், முதிர்ச்சி தள்ளிப்போகும். அளப்பதானால் வெளியே நடமாடக் கிடைக்கும் மணிகளையும் இரவின் குளிரையும் அளங்கள்.

இரவு ஏன் என்றால், பகலில் வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்து தப்பிக்கலாம், இரவில் ஓடிப்போக இடமில்லை. கரீபியனின் ஹிஸ்பானியோலா தீவில் அனோலிஸ் சைபோட்டிஸ் பல்லியிடம் இது பளிச்சென்று தெரிகிறது. வெப்பம் தாங்கும் எல்லை மலைமேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றே. மாறியிருப்பது குளிர் தாங்கும் எல்லை. கீழே மரத்தில் வாழ்வது மேலே பாறைக்கு மாறியிருக்கிறது, ஏனென்றால் அங்கே பாறைதான் சூடு. பின்னங்கால் குட்டையாகி, தலை தட்டையாகிவிட்டது, இடுக்கில் நுழைய.

செப்புக்குழாய்:
கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. 12:1 என்றால் 1.2 மீட்டர் தூரத்தில் அது பார்ப்பது 10 செ.மீ. வட்டம். பல்லியின் முதுகு இரண்டு மூன்று செ.மீ. அகலம்தான், மீதியெல்லாம் பாறை. 30 செ.மீ. நெருங்கினால் வட்டம் 2.5 செ.மீ. ஆகும், ஆனால் அதற்குள் பல்லி ஓடிவிடும். அப்புறம் பல்லிக்குப் பாறை சாட்சி, பாறைக்குப் பல்லி சாட்சி என்ற கதைதான்.

பொம்மைப் பல்லி வையுங்கள்: உள்ளே வெப்பப் பதிவி வைத்த செப்புக் குழாய், அந்த இடத்தில் பல்லி உடம்பு எவ்வளவு சூடேறும் என்று காட்டும். 22 மி.மீ. செப்புக் குழாயை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். 15 மி.மீ. குழாய் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். ஐபட்டன் வெப்பப் பதிவியின் விட்டம் 17 மி.மீ.க்குச் சற்று மேல், உள்ளே போகாது. வெளியே பளபளப்பில்லாத சாம்பல் பழுப்பு வண்ணம். மினுங்கும் செம்பு வெயிலைத் திருப்பிவிடும், எண் குறைவாக வரும். இரு முனையும் சிலிக்கோனால் அடைப்பு. ஒரு துளி மழைநீர் புகுந்தாலும் பதிவு கெடும். கம்பியால் கல்லோடு கட்டாவிட்டால் பபூன் குரங்கு தூக்கிக்கொண்டு போகும். வைக்கும் முன் எல்லாப் பதிவிகளையும் நெகிழிப் பையில் போட்டுப் பனிக்கட்டித் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். 2,048 பதிவு கொள்ளும் வகையில் 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 21 நாள் ஓடும்.

ஒவ்வோர் உயரத்திலும் வெயில் பாறையில் ஒன்று, நிழலில் ஒன்று, இடுக்குக்குள் ஒன்று. வெயில் பக்கம் என்றால் இங்கே வடக்குச் சரிவு. வடகோளத்துப் பாடநூலைப் பார்த்துத் தெற்கில் வைத்தால் மொத்த உழைப்பும் வீண்.

கரும்புக்காடு:
நன்றி அண்ணா. குளிர் மலையில் முட்டைக்குப் பதில் குட்டி போடும் என்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

பாறையிடுக்கு:
சேர்க்கலாம், எச்சரிக்கையோடு. காரணம் எளிது: மண்ணில் புதைத்த முட்டைக்கு மண்ணின் சூடுதான், வயிற்றில் சுமக்கும் கருவுக்குத் தாய் தேடிப்போகும் வெயில். சானி இருக்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் பாறைகளில் காணும் சூடோகார்டிலஸ் பல்லி குட்டி போடுவது அதற்குப் பொருந்தும். ஆனால் உங்கள் டர்பன் வீட்டுச் சுவரில் ஓடும் வரி அரணையும் குட்டிதான் போடுகிறது, கடல் மட்டத்தில்! மறுபக்கம், உச்சியில் வாழும் டிராபிடோசாராவும் அஃப்ரோஎடுரா பல்லியும் முட்டையிடுகின்றன. வம்சவழி வந்த குணத்தை மலையின் வேலை என்று எழுதிவிடக் கூடாது. ஒப்பிடுவதானால் ஒரே இனத்தைப் பல உயரங்களில் ஒப்பிடுங்கள்.

செப்புக்குழாய்:
பல்லியைக் கையால் தொடுவதானால் குவாசூலு-நட்டால் மாகாண வனவிலங்குத் துறையான எஸெம்வெலோவிடம் அனுமதிச் சீட்டு வேண்டும். காப்புப் பகுதிக்குள் பொம்மை வைப்பதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உச்சி லெசோத்தோ மண், இங்கத்திய சீட்டு அங்கே செல்லாது; பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டும் தேவை. அந்த அலைச்சல் வேண்டாமென்றால் மூன்று நிலையங்களையும் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்குக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் சுருங்கும், அதனால் பொம்மைகளை இரட்டிப்பாக்குங்கள்.