கூகுள் எர்த் திறந்தாலே லெப்டொப் திணறுகிறது, புதிது வாங்கத்தான் வேண்டுமா?

படுவான்கரை ரீச்சர்:

வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்கு எங்கள் மட்டக்களப்பு வாவியையே கூகுள் எர்த்தில் காட்டிப் படிப்பிக்க விருப்பம். பங்குடாவெளியில் இருந்து கல்முனைப் பக்கம் வரை அது நீண்டு கிடக்கும் விதம், பாலமீன்மட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்வதும் வெட்டுப்படுவதும், பழைய செய்மதிப் படங்களில் அதே இடம் எப்படி இருந்தது என்பது எல்லாம் புத்தகத்து வரைபடத்தில் வராது. தாங்கள் தினமும் தோணியில் கடக்கிற தண்ணீரை மேலே இருந்து பார்க்கும்போது பிள்ளைகளின் கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விட மனமில்லை.

லெப்டொப் இரண்டாம் கைக்கு வாங்கியது. இன்ரெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், என்விடியா 2 ஜிபி என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. வின்டோஸ் 10, குரோம். போன தவணையில் ஒரு கடையில் போர்மட் செய்து எடுத்தேன். அதற்குப் பிறகு யூடியூப், வேர்ட் எல்லாம் ஓடுகிறது, ஆனால் எர்த்தைத் திறந்து உருட்டினால் படம் விட்டு விட்டு நகர்கிறது, காற்றாடி இரைகிறது, சில வேளை பக்கமே உறைந்துவிடுகிறது. இன்னொன்று, இதற்குச் சம்பந்தமோ தெரியாது: திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லை. கடையில் கேட்டால் "மெசின் பழசு, மாத்துங்க" என்கிறார்கள். இப்போதைய விலையில் புதிது வாங்குவது சிரமம். வழி இருந்தால் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலத்தடி:

ரீச்சர், வாங்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கடைசியில் சொன்ன வெளிச்ச விசயம்தான் முக்கியமான தடயம்.

போர்மட் செய்தவர்கள் வின்டோஸைப் போட்டுவிட்டு, படம் வரைகிற சிப்பை வின்டோஸோடு பேச வைக்கிற கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைப் போடாமல் விட்டால், மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்ற ஒப்புக்கான டிரைவரில் திரை ஓடும். படம் தெரியும், ஆனால் வெளிச்சம் மாறாது, சில மெசின்களில் ப்ரொஜெக்டரும் பிடிக்காது. இன்டர்நெட் இருந்தால் வின்டோஸ் தானே தேடிப் போட்டுக்கொள்ளும். டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தி வைத்துக் கொடுப்பார்கள், அப்போது அதுவும் நடக்காது. என் மேசைக்கு வருகிற மெசின்களில் இதை நிறையப் பார்க்கிறேன். ஆட்கள் புது மெசினுக்குக் காசு கட்டப் போகிற நேரத்தில்தான் இது தெரிய வரும். அது எனக்குப் பெரிய மனக்கஷ்டம்.

எர்த் மாதிரியான தளங்கள் வெப்ஜிஎல் என்ற முறையில் கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்குகின்றன. சிப் கிடைக்காவிட்டால் குரோம் வேலையை நிறுத்தாது, முழுப் படத்தையும் பொது வேலை பார்க்கிற சிபியுவிடம் கொடுத்து வரைய வைக்கும். காற்றாடி இரைவது அதனால்தான்.

பார்க்கும் வழி இது. குரோமின் முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று எழுதி என்டர் தட்டுங்கள். மேலே ஒரு பட்டியல் வரும். அதில் வெப்ஜிஎல் என்ற வரிக்கு நேரே ஹார்ட்வெயார் அக்சலரேட்டட் என்று பச்சையில் இருந்தால் நல்லது. சொப்ட்வெயார் ஒன்லி என்று இருந்தால் சிபியுதான் மாய்கிறது. கீழே தேடினால் ஜிஎல் ரெண்டரர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே இன்ரெல் அல்லது என்விடியா பெயர் இருக்க வேண்டும். ஸ்விப்ட்ஷேடர் என்றோ மைக்ரோசொப்ட் பேசிக் ரெண்டர் என்றோ இருந்தால் நான் சொன்ன கதைதான்.

அப்படி என்றால் லெப்டொப்பைச் செய்த கம்பனியின் தளத்துக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கிற மொடல் இலக்கத்தைக் கொடுத்து, முதலில் இன்ரெல் டிரைவர், மறுகா என்விடியா டிரைவர் போடுங்கள். டிரைவர் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரத்தில் வருகிற மென்பொருட்களைத் தொடவே வேண்டாம். ரீஸ்டார்ட் செய்த பிறகு குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் அக்சலரேஷன் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்து, குரோமை மூடித் திறவுங்கள். செய்துவிட்டு எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.

ஒலுவில் கம்பஸ் பெடியன்:

ரீச்சர், குரோமில் ஃபிளாக்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் "ஓவர்ரைட் சொப்ட்வெயார் ரெண்டரிங் லிஸ்ட்" என்பதை எனேபிள் செய்தால் பழைய கிராபிக்ஸ் கார்ட்டிலும் வெப்ஜிஎல் ஓடும். என் ரூம்மேட்டின் பழைய மெசினில் அப்படித்தான் ஃபிக்மா என்ற வடிவமைப்புத் தளம் ஓடுகிறது.

கல்லடிப் பாலத்தடி:

தம்பி, அது உண்மை, ஆனால் இந்த இடத்துக்கு அல்ல. சில பழைய டிரைவர்களில் பிரவுசர் விழுந்துவிடுகிறது என்று கண்டுதான் குரோம் அந்தத் தடைப்பட்டியலை வைத்திருக்கிறது. டிரைவரே இல்லாத மெசினில் பட்டியலைத் தாண்டி என்ன கிடைக்கும்? டிரைவர் சரியாக இருந்தும் பட்டியல் தடுத்தால், அப்போது பாதிப்பைத் தெரிந்துகொண்டு முயலலாம். வகுப்புக்கு நடுவில் திரை கறுத்துப்போனால் ரீச்சருக்குத்தான் கஷ்டம்.

படுவான்கரை ரீச்சர்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருந்தது, மைக்ரோசொப்ட் பேசிக் ரெண்டர் என்று வந்தது. தங்கச்சியின் மகனை வைத்து இரண்டு டிரைவரும் போட்டோம். வெளிச்சம் இப்போது மாறுகிறது! எர்த் எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் ஜிஎல் ரெண்டரரில் இன்ரெல் என்றுதான் வருகிறது, என்விடியா இல்லை. ப்ரொஜெக்டரில் கொழுவினால் இன்னும் கொஞ்சம் திக்குகிறது. பாடசாலையில் ஃபோன் டேட்டாவில்தான் ஓட்டுகிறேன்.

கல்லடிப் பாலத்தடி:

மிச்சம் சந்தோசம் ரீச்சர்.

இரண்டு சிப் உள்ள லெப்டொப்பில் பற்றரி மிச்சம் பிடிக்க வின்டோஸ் சிறிய சிப்பைத்தான், உங்களுடையதில் இன்ரெலைத்தான், பிரவுசருக்குக் கொடுக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அதன் அடியில் கிராபிக்ஸ் செட்டிங்ஸ். அங்கே குரோமைச் சேர்த்து ஹை பெர்ஃபோமன்ஸ் கொடுங்கள். வகுப்பில் சார்ஜரைக் கொழுவியே வையுங்கள், பற்றரியில் ஓடினால் வேகம் குறையும்.

ப்ரொஜெக்டர் காட்டும்போது ரெசலூஷனைப் பாருங்கள். 1920 × 1080 என்பது 1366 × 768 ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள். பள்ளிக்கூட ப்ரொஜெக்டர் பல அதைக் காட்டவும் மாட்டா, அதனால் குறைத்து வைப்பதில் நட்டமில்லை.

டேட்டா விசயத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. படம் வழுக்கிக்கொண்டு நகர்ந்து, ஆனால் மங்கலாக இருந்து மெல்லத் தெளிந்தால் அது இன்டர்நெட். தெளிவாக இருந்தும் விட்டு விட்டு நகர்ந்தால் அது மெசின். இன்டர்நெட்தான் என்றால் வகுப்புக்கு முன் நீங்கள் காட்டப் போகிற இடங்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பெரும்பகுதி தற்காலிக நினைவில் இருக்கும். மேப் ஸ்டைலில் கிளீன் வைத்தால் எழுத்தும் வீதியும் இல்லாமல் வாவி மட்டும் தெரியும், பாடத்துக்கும் அதுதான் நல்லது.

எர்த்துக்கு என்று குரோமில் தனி ப்ரொஃபைல் ஒன்று போடுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒன்றும் வேண்டாம். ஷிப்டோடு எஸ்கேப் தட்டினால் குரோமின் சொந்த டாஸ்க் மெனேஜர் வரும், எந்தத் தாவல் நினைவைத் தின்கிறது என்று அங்கே தெரியும்.

சாய்ந்தமருது நானா:

ரீச்சர், 8 ஜிபி ஒரே ரேமா, இரண்டு நாலா? டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்ற இடத்தில் ஸ்லொட் எத்தனை பாவனையில் என்று காட்டும். இன்ரெல் சிப்புக்குத் தனி நினைவு இல்லை, ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஒரு ரேம் என்றால் பழைய கல்லடிப் பாலத்தில் வண்டிகள் ஒவ்வொரு பக்கமாகக் காத்திருந்து போன மாதிரி, இரண்டு போட்டால் புதுப் பாலம். ஒரு ஸ்லொட் வெறுமையாக இருந்தால், அதே வகை, அதே வேகத்தில் ஒரு 8 ஜிபி வாங்கிப் போடுங்கள். நீங்கள் செலவழிக்க வேண்டியது அவ்வளவுதான், அதுவும் கட்டாயமில்லை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசு கூட. காற்றாடியைத் திறந்து துடைத்து, சிப்பின் மேல் சூடு கடத்துகிற பசையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சூடேறினால் சிப் தானாக வேகத்தைக் குறைக்கும், அப்போது எந்த செட்டிங்கும் உதவாது.

படுவான்கரை ரீச்சர்:

நானா, ஒரு ஸ்லொட்தான் பாவனையில் என்று காட்டுகிறது, மற்றது வெறுமை. சம்பளத்துக்குப் பிறகு பார்ப்போம். அண்ணா, ஹை பெர்ஃபோமன்ஸ் கொடுத்துக் குரோமை மூடித் திறந்ததும் என்விடியா பெயர் வந்துவிட்டது. ப்ரொஜெக்டரையும் 1366 இல் வைத்துப் பார்த்தேன், திக்கல் இல்லை. முகத்துவாரத்துப் பழைய படங்களை வருடம் வருடமாக மாற்றினாலும் நிற்காமல் ஓடுகிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் வின்டோஸ் 7 போட்ட மெசின்களும் கிடக்கின்றன. அவற்றிலும் இது ஓடுமா?

கல்லடிப் பாலத்தடி:

வின்டோஸ் 7 க்கு குரோம் 109 தான் கடைசி, 2023 இன் தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பழைய பிரவுசரில் இதை ஓட்டப் பாடுபட வேண்டாம். அவற்றின் ரேம் எவ்வளவு, சிப் எது என்று தனி இழையில் எழுதுங்கள், வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு மீட்க முடியுமா என்று மெசின் மெசினாகப் பார்ப்போம்.