வாளித் தண்ணீரில் தேறாத ஃப்ளையைக் குளத்துக்குக் கொண்டு போகலாமா?

நொய்யல் தூண்டில் (கோவை):

வணக்கம். முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி பொய் இரை, அதாவது ஃப்ளை, கட்டுகிறவர்கள் இங்கே பெருகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் ஆளுக்கொரு படம் போட்டு "இதில் மீன் கடிக்குமா?" என்று கேட்கிறீர்கள். படத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்த்துத் தேறாத ஃப்ளையைக் குளத்துக்குக் கொண்டு போகவே கூடாது என்பது என் கட்சி.

நான் பிடிப்பது ஜிலேபி மீன். நண்பர் தோட்டத்துக் குட்டையில், அவர் அனுமதியோடு. 12-ஆம் நம்பர் முள், வாலுக்கு வான்கோழி இறகு, உடம்புக்கு உதிர்ந்த மயில் தோகையின் இழை, எடைக்குச் செம்புக் கம்பி. கம்பிக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டால் ஒரு சுருள் தருவார்கள். 36 கேஜ், அதாவது 0.19 மில்லிமீட்டர் கனம்.

கட்டி முடித்ததும் முதலில் ஃப்ளையை நனைத்து விரலால் பிழிவேன். காய்ந்த இறகு காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கும்; அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அப்புறம் வாளியில் போட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவேன். ஒரே மாதிரி கட்டிய மூன்றும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். இறங்கும்போது கவிழக் கூடாது. கடைசியாக நகத்தால் பத்துத் தடவை அழுத்திச் சுரண்டுவேன். போன மாதம் கட்டிய 12-இல் 5 தேறவில்லை. மூன்று கவிழ்ந்தன, இரண்டு பிரிந்தன. இந்த ஐந்தையும் அப்படியே குட்டைக்குக் கொண்டு போயிருந்தால், மீன் கடிக்காததற்கு நான் மீனைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

கிராண்ட் ஆற்றங்கரை (டொரொன்டோ):

தம்பி, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இதை ஒரு விதியாக்கிப் புதிதாகக் கட்டுகிற பிள்ளைகளின் தலையில் வைப்பது பிழை.

நான் இருபது வருடமாக ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றில் பழுப்பு டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். ஷாண்ட் அணைக்குக் கீழே, ஃபெர்கஸ் பக்கம். அணையின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வருவதால்தான் அங்கே டிரவுட் நிற்கிறது. அந்த ஓட்டத்துக்குள் கால் வைத்து நின்றால் வாளி எவ்வளவு சின்ன உலகம் என்று விளங்கும். வாளிக்குள் ஓட்டம் இல்லை. மீன் இல்லை. முக்கியமாக, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தங்கூசியும் (நைலான் நரம்பு) இல்லை. ஃப்ளையைத் தனியாகப் போட்டு விநாடி எண்ணுகிறீர்கள். ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்) தங்கூசியில் கட்டிப் போட்டுப் பாருங்கள், அதே ஃப்ளை எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று. நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அது இரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியிருக்க, நீங்கள் எடுத்த கணக்கு நீங்கள் வீசாத ஒரு ஃப்ளைக்கு உரிய கணக்கு.

அடுத்தது, மீனுக்கு நேர்த்தி தேவையில்லை. இங்கிலாந்தில் ஆலிவர் கைட் என்பவர் இறகே இல்லாமல், வெறும் முள்ளில் செம்புக் கம்பியை மட்டும் சுற்றி டிரவுட் பிடித்துக் காட்டியவர். என் பெட்டியில் இருப்பதிலேயே அசிங்கமான ஃப்ளை, பாதி பிரிந்து நூல் தொங்குகிற ஒன்று, அதுதான் அதிக மீன் எடுத்தது. உங்கள் நகச் சோதனையில் அது முதல் சுற்றிலேயே போயிருக்கும்.

நொய்யல் தூண்டில்:

அண்ணா, நைலான் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நேற்றிரவே ஒரு மீட்டர் நரம்பில் கட்டிப் போட்டுப் பார்த்தேன். தனியாக 3 விநாடியில் இறங்கியது இப்போது 5 விநாடி எடுக்கிறது. இனிமேல் நரம்போடுதான் சோதிப்பேன்.

ஆனால் கைட் விஷயம் உங்கள் கட்சிக்கு உதவவில்லை, எனக்குத்தான் உதவுகிறது. அவர் யாரிடமிருந்து கற்றார்? வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயரிடமிருந்து. சாயர் கட்டியது ஃபெசன்ட் பறவையின் வால் இழையும் செம்புக் கம்பியும் மட்டும். நூலே கிடையாது, கம்பிதான் நூல். கால்களைக்கூட விட்டுவிட்டார், ஏனென்றால் நீந்தும் குஞ்சுப்பூச்சி கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்று ஆற்றங்கரையில் நின்று கவனித்திருந்தார். உடம்பு மெலிசாக இருக்க வேண்டும், சட்டென்று இறங்க வேண்டும். வெறும் கம்பி ஏன் மீன் பிடித்தது? இறங்க வேண்டிய ஆழத்துக்கு இறங்கியதால். அந்த ஒன்றைத்தானே என் வாளி அளக்கிறது? அழகை நான் அளக்கவில்லையே.

புதுத்தூண்டில் (திருநெல்வேலி):

இடையில் ஒரு கேள்வி. பாட்டி வீட்டுப் பக்கம் காட்டில் காட்டுக்கோழியின் கழுத்து இறகு கிடந்தது. மெழுகு தடவிய மாதிரி மஞ்சள் புள்ளி. அதைக் கட்டினால் மீனுக்குக் கண் மாதிரி தெரியும் என்கிறார்கள். கட்டலாமா?

கோத்தகிரிக்காரன் (நீலகிரி):

கட்ட வேண்டாம் தம்பி. எடுத்திருந்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

விவாதத்தைத் திசை திருப்புகிறேன் என்று மற்றவர்கள் நினைக்கக் கூடாது, ஆனால் இதைச் சொல்லாமல் போக மனசில்லை. நீங்கள் சொல்வது சாம்பல் காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை. அந்தப் புள்ளி இறகுக்காகவே ஒரு காலத்தில் இதன் கழுத்துத் தோல் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. ஜாக் ஸ்காட் மாதிரி பழைய சால்மன் ஃப்ளைகளின் கன்னத்தில் இருப்பது நம் காட்டின் இறகு. அங்கே இப்போது வளர்ப்புப் பறவையிலிருந்து எடுக்கிறார்கள். இங்கே 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இந்தப் பறவையைப் பாதுகாக்கிறது. கீழே கிடந்ததா, சுட்டதா என்று இறகைப் பார்த்து யாருக்கும் தெரியாது. ஒருவர் கட்டிப் படம் போட்டால் பத்துப் பேர் விலை கேட்பார்கள். அங்கிருந்துதான் கண்ணி வைப்பது தொடங்கும். எங்கள் தேயிலைத் தோட்ட ஓரத்தில் காலையில் அந்தச் சேவல் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

புள்ளிதான் வேண்டும் என்றால் கினிக்கோழி இறகு வாங்குங்கள், பிறவியிலேயே வெள்ளைப் புள்ளி. அதில் மஞ்சள் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் போதும். மான் முடிக்கும் இதே பேச்சுதான். மிதக்கிற ஃப்ளைக்கு அது உள்ளே காற்றறை கொண்டது என்று தேடாதீர்கள். பழைய ஹவாய் செருப்பை மெலிசாக அறுத்துக் கட்டுங்கள், அதைவிட நன்றாக மிதக்கும்.

கிராண்ட் ஆற்றங்கரை:

கோத்தகிரி அண்ணை சொன்னதற்கு மறு பேச்சில்லை. இங்கே மான் முடி வேட்டைக்காரர்களிடமிருந்து சட்டப்படி கிடைக்கிறது. அதை நம்பி அங்கே உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நொய்யல் தம்பி, சாயர் கதை நல்ல பதில்தான். ஆனாலும் கேட்கிறேன், அவர் அந்தக் கம்பி உடம்பைக் கண்டுபிடித்தது எங்கே? ஆற்றில். மீன் எதைத் தின்கிறது, எந்த ஆழத்தில் நிற்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்த பிறகு. "வேகமாக இறங்க வேண்டும்" என்பதை ஆறு அவருக்குச் சொன்னது. எந்த வாளியும் அதைச் சொல்லாது. உங்கள் குட்டையில் ஜிலேபி அரை அடி ஆழத்தில் பாசியைக் கொறித்துக்கொண்டு நின்றால், 30 செ.மீ.யை 5 விநாடியில் தாண்டுகிற ஃப்ளை மீனைக் கடந்து போய்விடும். வாளியில் தேறியது, குளத்தில் தோற்றது. அப்போது என்ன செய்வீர்கள்? மீன்தான் சோதனை. என் நாலு வருடக் குறிப்பேட்டில் எந்த ஃப்ளைக்கு எத்தனை மீன் என்று இருக்கிறது.

மீன்கொத்தி (மதுரை):

அண்ணா, அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் என் சந்தேகம். நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அசிங்கமான ஃப்ளை அதிக மீன் எடுத்தது என்கிறீர்கள். அதை எத்தனை மணி நேரம் தண்ணீரில் வைத்திருந்தீர்கள்? நம்பிக்கை உள்ள ஃப்ளையைத்தான் நாம் முதலில் கட்டுகிறோம், அதிக நேரம் வீசுகிறோம், நல்ல அந்தி நேரத்தில் வீசுகிறோம். மீன் அதற்குத்தானே வரும்?

இன்னொன்று. இரண்டு ஃப்ளை, 4 மீன், அதில் 3 ஒன்றுக்கே என்று வைத்துக்கொள்வோம். "இதுதான் ஜெயித்தது" என்று உடனே எழுதிவிடுவோம். ஆனால் இரண்டு ஃப்ளையும் துளி வித்தியாசமில்லாமல் சமமாக இருந்தால்கூட 4 மீன் 3-1 என்றோ 4-0 என்றோ பிரிவது 16-க்கு 10 முறை நடக்கும். 2-2 என்று வருவதுதான் குறைவு. நாணயம் சுண்டிப் பாருங்கள், தெரியும். மீனைக் கேட்கலாம், கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் கேட்கிற முறையில் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே நரம்பில் கட்டுங்கள். அடியில் உள்ளது ஆழமாகப் போகும், கிளை நரம்பில் உள்ளது மேலே நிற்கும். அதனால் இருபது வீச்சுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

கிராண்ட் ஆற்றங்கரை:

தங்கச்சி, இரவு முழுக்க இதை யோசித்தேன். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் மீன் எண்ணிக்கை இருக்கிறது, நேரம் இல்லை. நாலு வருடத்தில் ஒருநாள்கூட எழுதவில்லை. நீங்கள் சொன்ன இடத்தில் நான் தோற்றேன். ஆனால் வாளிக்கு இன்னும் வாக்குப் போடவில்லை.

நொய்யல் தூண்டில்:

சரி, அப்படியென்றால் குட்டையிலேயே பார்ப்போம். மீன்கொத்தி அக்கா சொன்ன மாதிரி ஒரே நரம்பில் இரண்டு. ஒன்று வாளியில் தேறியது. மற்றது நகச் சோதனையில் விழுந்தது, மயில் இழையின் மேல் கம்பி குறுக்கே சுற்றாமல் விட்டது. இரண்டிலும் அதே முள், அதே எடை. இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன்.

நொய்யல் தூண்டில் (இரண்டு வாரம் கழித்து):

முடிவு. இரண்டு காலை, காலைக்கு மூன்று மணி நேரம், இருபது வீச்சுக்கு ஒருமுறை இடமாற்றம். மீனை எளிதாகக் கழற்ற முள்ளின் உட்பல்லை இடுக்கியால் நசுக்கியிருந்தேன். மொத்தம் 11 ஜிலேபி. தேறிய ஃப்ளைக்கு 6, தேறாததற்கு 5.

மீனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணா சொன்னது இந்த அளவுக்குச் சரி, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேறாத ஃப்ளை முதல் ஞாயிறு இரண்டாவது மீனிலேயே இழை அறுந்து நூலாகத் தொங்கியது. ஜிலேபியின் பல் சின்னதுதான், மயில் இழைக்கு அது போதும். அடுத்தடுத்து மூன்றை மாற்ற வேண்டியிருந்தது. கம்பி சுற்றியது ஒரே ஃப்ளை, ஆறு மீனுக்கும் அதேதான், இப்போதும் என் தொப்பியில் குத்தி வைத்திருக்கிறேன். அதனால் நகச் சோதனையை விடமாட்டேன். விநாடிக் கணக்கைப் பொறுத்தவரை, ஆறு மீன் எந்த ஆழத்தில் எடுத்தது என்று குறித்தேன்: ஐந்து ஒரு அடிக்குள்ளேயே. என் ஃப்ளை தேவைக்கு மேல் கனம். முப்பத்தாறுக்குப் பதில் அதைவிட மெல்லிய 38 கேஜ் கம்பி போட்டு, 8 விநாடி எடுக்கிற மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிராண்ட் ஆற்றங்கரை:

எட்டு விநாடி வேண்டும் என்று குளம் சொன்னது, எட்டு விநாடி வந்ததா என்று வாளி சொல்கிறது. இந்த வரிசையில் என்றால் எனக்குச் சம்மதம். விதியில் முதல் வரியாக "முதலில் மீன் நிற்கிற ஆழத்தைப் பார்" என்று எழுதுங்கள் தம்பி, வாளியை இரண்டாவதாக வையுங்கள்.

அந்த 38 கேஜ் இங்கே சின்னச் சின்னச் சுருளாக, ஆனை விலை குதிரை விலைக்கு விற்கிறார்கள். மாமியார் அடுத்த மாதம் கோவை வழியாக வருகிறார். வைண்டிங் கடையில் ஒரு கைப்பிடி வாங்கி வைப்பீர்களா?