எக்ஸோஸ்கெலிட்டனுக்கு 'அணிகூடு' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உடம்பின் மேல் மாட்டிக்கொண்டு நடக்கவும் தூக்கவும் உதவும் சாதனமான எக்ஸோஸ்கெலிட்டனுக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த 'புற எலும்புக்கூடு', 'எந்திரக் கவசம்', 'இரும்புடல்' என்ற மூன்று சொற்களையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'புற எலும்புக்கூடு' நண்டுக்கும் வண்டுக்கும் பொருந்தும். இலங்கைத் தமிழில் 'புறவன்கூடு' என்று இன்னும் நேர்த்தியாகவே இருக்கிறது. விலங்கியலுக்கு அவை இருக்கட்டும். ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்திருப்பவரிடம் போய், "நாளைக்கு உங்களுக்கு எலும்புக்கூடு மாட்டப்போறோம்" என்று எந்த பிசியோதெரபிஸ்டுக்கும் வாய் வராது.

'எந்திரக் கவசம்' கதைகளுக்குச் சரி. 1959இல் ராபர்ட் ஹைன்லைன் நாவலில் விண்வெளிச் சிப்பாய்கள் போட்டிருந்ததும், 1963இல் காமிக்ஸில் வந்த அயர்ன் மேன் போட்டிருந்ததும் கவசம்தான். அடி படாமல் காப்பது கவசத்தின் வேலை. நிஜத்தில் வந்தவையோ பெரும்பாலும் தாங்கிப்பிடிக்க வந்தவை. 'எந்திர' என்ற அடையும் எல்லாவற்றுக்கும் ஒட்டாது. தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு 2018இல் ஃபோர்டு ஆலைகளில் கொடுத்த சாதனத்தில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை, ஸ்பிரிங்தான். 1890இல் ரஷ்யாவின் நிகோலஸ் யாக்ன் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய நடைக்கருவியும் காலோடு பொருத்திய வில்தான்.

மூன்றாவது 'இரும்புடல்'. இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் என் பெரியப்பா. சின்ன வயதில் போலியோ வந்து, இடது காலுக்குக் காலிப்பர் போட்டவர். இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் ஒரு தோல் வார், முட்டிக்குக் கீழே ஒன்று, அடியில் கனமான பூட்ஸ். உட்காரும் முன் முட்டியருகே இருக்கும் வளையத்தை மேலே இழுப்பார். அப்போதுதான் கால் மடங்கும். எழுந்து நின்றதும் வளையம் 'டக்'கென்று கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். தெருவில் யாராவது 'இரும்புக்கால்' என்றால் நின்று திருத்துவார்: "இரும்பு வெளியில இருக்கு. கால் என்னோடது."

நாம் தேடும் சொல்லுக்கு இலக்கணமே இதுதான் என்று நினைக்கிறேன். செயற்கைக் கால் இல்லாத உறுப்பின் இடத்தில் வருவது. எக்ஸோஸ்கெலிட்டனோ, இருக்கும் உறுப்பின் மேலேயே போடுவது, கழற்றுவது. ஆகவே 'அணிகூடு'. அணிகலன் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. எலும்புக்கூட்டில் இருக்கும் கூடு இதிலும் இருக்கிறது, எலும்பு போய்விட்டது. அப்புறம், கூடு என்றால் தமிழில் உடம்பும்தான். கூடு விட்டுக் கூடு பாய்வதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

துணியில் செய்தால் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹார்வர்டில் கானர் வால்ஷ் குழுவினர் துணிப் பட்டைகளையும் கம்பிவடங்களையும் வைத்துச் செய்தது அப்படிப்பட்டதுதான், கெட்டியான சட்டகம் கிடையாது. கூடு அதற்கும் இடம் கொடுக்கிறது. நத்தைக்கூடு கெட்டி, பட்டுப்புழுவின் கூடு மெத்து. 'மென் அணிகூடு' என்றால் போதும். தோள் அணிகூடு, கால் அணிகூடு என்று உறுப்பு வாரியாகவும் பிரிக்கலாம்.

ஜெனரல் எலக்ட்ரிக் 1960களில் செய்த ஹார்டிமன் பற்றி எழுதவும் இந்தச் சொல் உதவுகிறது. 680 கிலோவைத் தூக்கவேண்டும் என்று திட்டமிட்ட அணிகூடு, தானே கிட்டத்தட்ட 680 கிலோ இருந்தது. ஒரு கை மட்டும் 340 கிலோ வரை தூக்கியது. முழுதாக இயக்கிப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் ஆடியதால், ஆளை உள்ளே வைத்து அதை முழுதாக ஓட்டவே இல்லை. இங்கே 'கவசம்' என்று எழுதினால் வாக்கியம் வேறு எங்கோ போய்விடுகிறது.

கால் செயலிழந்தவர்களை நடக்கவைக்கும் ரீவாக் என்ற அணிகூட்டை உருவாக்கிய அமித் கோஃபர் 1997இல் விபத்தில் கைகால் செயலிழந்தவர். அதைப் போட்டு நடக்க ஊன்றுகோல் பிடிக்கவேண்டும், அதற்குக் கையில் வலு வேண்டும் என்பதால், அவர் உருவாக்கியதை அவராலேயே போட முடியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, விபத்தில் கால்கள் செயலிழந்த கிளேர் லோமாஸ் என்ற பெண் 2012இல் லண்டன் மாரத்தான் தூரத்தை இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்து முடித்தார். இந்த இரண்டு செய்திகளையும் 'இரும்புடல்' வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

நேற்று பெரியப்பாவிடம் போனில், "அணிகூடுன்னு ஒண்ணு வந்திருக்கு, நடக்க உதவும்" என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்கவில்லை. "போட்டுக்கிட்டு உட்கார முடியுமா?" என்றுதான் கேட்டார்.