8 மாசத்துக்கு வீட்டுச் சாமான் போட ஸ்டோரேஜ்: எவ்வளவு இடம் எடுக்கணும்? (சென்னை தண்டையார்பேட்டை)

கேள்வி: பழைய வீடு
வீட்டை இடிச்சுக் கட்டுறோம். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை சாமானை வெளியே வைக்கணும். மாதவரத்துல ரெண்டு இடம், மணலி பக்கம் ஒண்ணு விசாரிச்சாச்சு. ஒருத்தர் சதுர அடிக்கு ரேட் சொல்றார், இன்னொருத்தர் கன அடிக்கு, மூணாமவர் "டூ பெட்ரூம் பேக்கேஜ்". எங்க படிச்சாலும் "தேவைக்கேத்த அளவு எடுங்க, பாதுகாப்பு பாருங்க"ன்னுதான் இருக்கு. அந்தத் தேவையைக் கணக்குப் போடுறது எப்படி?
சாமான்: ஸ்டீல் பீரோ 2, டபுள் டோர் ஃபிரிட்ஜ், ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், கட்டில் மெத்தை 2 செட், 3+1+1 சோபா, டைனிங் டேபிள், அட்டைப்பெட்டி 30.

பதில்: டேப்பும் பென்சிலும்
முதல்ல எல்லாத்தையும் கன அடியில எழுதுங்க. பீரோ 6½ × 3 × 1½, ரெண்டுக்கும் 60. சோபா செட் 108. ஃபிரிட்ஜ், மெஷின் சேர்ந்து 35. கழட்டின கட்டில், மெத்தை 50. டைனிங் 30. ஒன்றரை அடிப் பெட்டி 30-க்கு 100. ஆக சுமார் 385 கன அடி.

இப்ப 10 × 10 ரூம். ஆள் ஏறி அடுக்க முடியுறது 7 அடி உயரம் வரைதான். நடுவுல ஒன்றரை அடி வழி விட்டா மிச்சம் 85 சதுர அடி, அதாவது 595 கன அடி. உங்க சாமான் அதுல 65 சதவீதம். வீட்டுச் சாமானை இதுக்கு மேல நெருக்குறது கஷ்டம். ஃபிரிட்ஜ் தலையில பாரம் ஏத்த முடியாது, சோபாவுக்குள்ள பாதி காத்துதான். 8 × 10-லயும் வழி விடாம திணிச்சிடலாம். ஆனா உள்ள இருக்கிற ஒரு பெட்டி வேணும்னா மொத்தத்தையும் வெளிய இறக்கணும்.

கன அடி ரேட்காரர்கிட்ட ஒண்ணு கேளுங்க: ரூம் உயரம் 10 அடின்னு பில் போடுறாரா? அப்படின்னா மேல் 3 அடிக்கு நீங்க சும்மா வாடகை கட்டுறீங்க. அளவு சுவத்துக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா? பேக்கேஜ்காரர் கன அடியை எழுதித் தரலைன்னா ஒப்பிடவே முடியாது, விட்டுடுங்க.

பதில்: மணலி குடோன்
மழைக்காலம் முழுக்க சாமான் உள்ளதான் இருக்கப்போகுது. அதனால அளவைவிட எனக்கு இடம்தான் முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மணலி புதுநகர்ல தண்ணி நின்னுச்சு, எர்ணாவூர்ல வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள்ள வந்துச்சு. "இங்க தண்ணி வராது சார்"னு எல்லாரும் சொல்லுவாங்க. ஷட்டரோட அடிப்பட்டையைக் குனிஞ்சு பாருங்க. ஒரே மட்டத்துல துருக்கோடு ஓடுதா? சுவிட்ச்போர்டை மட்டும் புதுசா உயர்த்தி வச்சிருக்காங்களா? பக்கத்து டீக்கடையில தண்ணி எதுவரை வந்துச்சுன்னு கேட்டா கையைக் காட்டியே சொல்லிடுவாங்க. லிஃப்ட் இருந்தா முதல் மாடி எடுங்க, வாடகை கூடினாலும் பரவாயில்ல.

தகர ஷீட் கூரை வேண்டாம். பகல் சூட்டுக்கு அப்புறம் ராத்திரி குளிர்ந்து ஷீட்டுக்கு அடியில வேர்த்துச் சொட்டும். எந்தக் கூரையானாலும் தரையில மரப் பேலட் (பலகைத் தட்டு) போட்டு, சுவத்துலேர்ந்து 4 அங்குலம் தள்ளி அடுக்குங்க. மரச்சாமானுக்கு பிளாஸ்டிக் ஷீட் சுத்தாதீங்க, உள்ள ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். பழைய பெட்ஷீட் போதும். பட்டுப்புடவைக்கு பழைய வேட்டித்துணி. பீரோ கீல், பூட்டுல வாசலின் தடவிடுங்க, இந்த உப்புக்காத்துக்கு அதுங்கதான் முதல்ல துருப்பிடிக்கும்.

பதில்: ரசீது எங்கே
பணம் போறது பெரும்பாலும் வாடகையில இல்ல. ரேட் 18% ஜிஎஸ்டி சேர்த்தா? நடுவுல திறந்து பார்க்க சார்ஜ் உண்டா? கட்டட வேலை இழுக்காம முடியாது, அதனால 8 மாசம் தாண்டினா அதே ரேட்டான்னு எழுதி வாங்குங்க. காலி பண்ண எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? பூட்டு யாருது? உங்க பூட்டுன்னா உள்ள என்ன இருந்துச்சுங்கறதை நீங்கதான் நிரூபிக்கணும். பெட்டிக்கு நம்பர் போட்டு, மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் போட்டோ எடுங்க.

இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேருதான்னு பாலிசி தாள்ல பாருங்க, வாய்வார்த்தை செல்லாது. பூஞ்சை, எலி, கரையானுக்குப் பொதுவா கிடைக்காது. உங்க வீட்டு பாலிசி அந்த முகவரிக்குள்ள இருக்கிற சாமானுக்குத்தான். சாமானை இடம் மாத்தினா கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்கணும்.

கேஸ் சிலிண்டரை எங்கயும் எடுக்க மாட்டாங்க. ஏஜென்சியில ஒப்படைச்சு சீட்டு வாங்கிக்கோங்க.

கேள்வி கேட்டவர்: பழைய வீடு
மாதவரம் முதல் மாடியையே பேசுறேன். ஃபிரிட்ஜ், மெஷின் எட்டு மாசம் சும்மா கிடந்தா கெட்டுப் போகாதா?

பதில்: மணலி குடோன்
ஃபிரிட்ஜை முந்தின நாளே ஆஃப் பண்ணி, ஐஸ் கரைஞ்சதும் பின்பக்க டிரேயிலயும் தண்ணியைத் துடைங்க. கதவு மூடிக்காம இடுக்குல துணி மடிச்சு வச்சு கட்டுங்க, இல்லன்னா திறக்கும்போது நாத்தம் தாங்காது. நிமிர்த்தியே ஏத்தணும். மெஷினுக்கு வாங்கும்போது கொடுத்த டிரான்சிட் போல்ட்டைத் தேடிப் பிடிச்சு டிரம்மைப் பூட்டுங்க. அது இல்லாம லாரியில ஆடினா சஸ்பென்ஷன் போயிடும். கீழ இருக்கிற பில்டரைத் திறந்து தேங்கின தண்ணியை எடுத்துட்டு, ஹோஸ் வாயை டேப் ஒட்டி அடைங்க, கரப்பான் உள்ள போய் குடித்தனம் பண்ணிடும்.

மாடி எடுத்தா லிஃப்ட் வாசல் அகலம் உயரத்தையும் அளந்துக்கோங்க. 3 சீட்டர் சோபாவை நிமிர்த்தினா 6 அடி, போகலைன்னா படியிலதான் தூக்கணும், அதுக்கு லோடுமேன் கூலி தனி.